காட்டலிஸ்ட் 5.9: பழைய எஞ்சினைக் கைவிடும் முறை

வணக்கம். பெர்ல் மொழியின் வலைச் சட்டகமான காட்டலிஸ்டில் 5.8-இலிருந்து 5.9-க்கு மாறியபின், செயலியை இயக்கும் பழைய ப்ரீஃபோர்க் எஞ்சின் இயங்கவில்லை என்றும், ஸ்டார்மன் என்ற வலைச் சேவையக நிரலுக்கு மாறியதும் பதிவேட்டில் எல்லாப் பயனரின் முகவரியும் 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) என்றே பதிவாகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதல் சிக்கலில் உங்கள் நிரலில் தவறு இல்லை. 2011-இல் வந்த 5.9 வரிசை முழுவதும் பிஎஸ்ஜிஐ (பெர்ல் செயலிகளையும் வலைச் சேவையகங்களையும் இணைக்கும் பொது இடைமுகம்) அடிப்படைக்கு மாறிவிட்டதால், ப்ரீஃபோர்க் எஞ்சினுக்கு அதில் இடமில்லை; அதன் இடத்தில் ஸ்டார்மனைத் தேர்ந்தெடுத்தது சரியே.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் நீங்கள் ஒட்டியிருக்கும் பிஎஸ்ஜிஐ கோப்பு. அதில் 'செட்டப்_எஞ்சின்' வரியை நீக்கிவிட்டு 'பிஎஸ்ஜிஐ_ஆப்' முறையை மட்டும் அழைத்திருக்கிறீர்கள். அம்முறை, இயல்பாகச் சேர வேண்டிய இடைநிரல்கள் (கோரிக்கை செயலியை அடையுமுன் அதைக் கையாளும் நிரல்கள்) சேராத வெற்றுச் செயலியையே திருப்பித் தரும். ஆகவே முன்னால் ப்ராக்ஸியாக (கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் இடைச் சேவையகமாக) நிற்கும் என்ஜின்எக்ஸ், பயனரின் உண்மையான முகவரியுடன் அனுப்பும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' தலைப்பை யாரும் படிப்பதில்லை. 'பிஎஸ்ஜிஐ_ஆப்' தரும் மதிப்பை 'அப்ளை_டிஃபால்ட்_மிடில்வேர்ஸ்' முறைக்குள் கொடுத்து, அதன் விளைவையே கோப்பின் கடைசி மதிப்பாக வையுங்கள். ப்ராக்ஸி வேறொரு கணினியில் இருந்தால், முதன்மை வகுப்பில் 'செட்டப்' அழைப்புக்கு முன்பே 'யூசிங்_ஃப்ரண்ட்எண்ட்_ப்ராக்ஸி' மதிப்பை 1 ஆக்க வேண்டும். ஒரே கணினி என்றால் 127.0.0.1-இலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு அந்தத் தலைப்பு தானாகவே படிக்கப்படும்.

ஸ்கிரிப்ட் அடைவில் உள்ள பழைய கோப்புகளையும் 'காட்டலிஸ்ட்.பிஎல்' கட்டளையின் 'ஸ்கிரிப்ட்ஸ்' விருப்பத்தால் புதுப்பித்துவிடுங்கள். 'ஃபோர்ஸ்' சேர்க்காவிட்டால் அவை '.நியூ' என்ற பின்னொட்டுடன் தனியே உருவாகும். கைப்பட மாற்றங்கள் செய்திருப்பவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க வசதியான அந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.