கச்சத்தீவை வாங்கிட்டா தீர்ந்துடுமா? – ஒரு கடிதம்

அண்ணே வணக்கம். திருத்துறைப்பூண்டியிலேருந்து எழுதுறேன். என் மாமா நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைல விசைப்படகுல போறவர். அவர்கூட போற பையன் ஒருத்தன இலங்கை நேவி புடிச்சு யாழ்ப்பாணம் ஜெயில்ல வச்சிருக்காங்க. அங்க இருக்கறதும் தமிழ் ஆளுங்க, அதே முருகன், அதே மாதா. அப்புறம் ஏன் ஒத்துப்போகல? நேபாளத்தோடயும் நமக்கு இதே கததான. பங்காளிச் சண்டைன்னு விட்டுட வேண்டியதுதானா, இல்ல கச்சத்தீவை வாங்கிட்டா தீருமா?

பதில்:

தம்பி, அந்தப் பையன் சீக்கிரம் வீடு வந்து சேரணும்.

பங்காளிச் சண்டைன்னா ரெண்டு பக்கமும் சமம்னு ஆயிடும், இங்க அப்படி இல்ல. 1983லேருந்து 2009 வரைக்கும் போர் நடந்தப்ப யாழ்ப்பாணத்து மீனவங்களால ஒழுங்கா கடலுக்குப் போக முடியல, அந்த வருஷங்கள்ல நம்ம விசைப்படகு பெருகிப்போச்சு, நம்ம பக்கம் இழுவை மடி, அதான் கடல் தரையோட வழிச்சு இழுக்கற வலை, போட்டுப் போட்டு மீன் கொறையவும் அவங்க பக்கம் போய்ப் பழகிட்டோம். போர் முடிஞ்சு அவங்க கடன உடன வாங்கி வலை எடுத்து சாயங்காலம் விரிச்சா, ராத்திரி நம்ம மடி தரையோட வழிச்சுட்டு வரும்போது அந்த வலையையும் சேத்து அறுத்துட்டு வந்துடுது. விடிஞ்சு போய்ப் பாக்கறவனுக்கு அறுந்த நூலும் மிதவையும்தான் மிச்சம். அறுத்தவனும் தமிழ் பேசுறவன்தான்னு தெரிஞ்சா கோபம் கூடத்தான் செய்யும். 2017ல இலங்கை இழுவை மடிய தடை பண்ணுச்சே, அந்த மசோதாவ கொண்டுவந்ததே சுமந்திரன், அப்ப யாழ்ப்பாணத்துத் தமிழ் எம்.பி.யா இருந்தவர்.

அந்தக் கோபத்துல அடி வாங்குறது யாருன்னா இழுவை மடியே போடாத வேதாரண்யம் பக்கத்து ஃபைபர் படகுக்காரங்களும்தான். வலை, ஜிபிஎஸ் எல்லாத்தையும் புடுங்கிட்டு அடிச்சு அனுப்புறாங்க. அதுக்கு எந்த நியாயமும் கெடையாது.

எனக்குத் தோணுறது இதுதான், ஒரே பண்பாடுங்கறதால பெரிய பக்கம் "நம்மாளுங்கதான"ன்னு உரிமை எடுத்துக்குது, சின்ன பக்கம் எங்க நம்மள முழுங்கிடுவாங்களோன்னு பயப்படுது. 2015ல நேபாளத்துல அதான் நடந்துச்சு. ஏப்ரல்ல நிலநடுக்கம், செப்டம்பர்ல புது அரசியல் சாசனம், அதை எதிர்த்து நேபாளத்துத் தெற்குச் சமவெளியில இருக்கற மாதேசி மக்கள் போராட்டம், உடனே இந்தியாவிலேருந்து நேபாளத்துக்குப் போற ரக்சால் எல்லையில பெட்ரோல் லாரி நின்னுபோச்சு. நாங்க நிறுத்தலைன்னு டெல்லி சொன்னத காத்மாண்டு நம்பல. எல்லை தாண்டி பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கற ஜனங்க, அடுப்பெரிக்க கேஸ் இல்லாம மாசக்கணக்குல தவிச்சாங்க. 2016ல நேபாளம் சீனாவோட சரக்குப் பாதை ஒப்பந்தம் போட்டுடுச்சு.

கச்சத்தீவுக்கு வர்றேன். 1974ல இலங்கைக்குப் போனது, திரும்ப வாங்கினாலும் தீராது. நம்ம படகு புடிபடுறது நெடுந்தீவு, பருத்தித்துறை பக்கமெல்லாம்தான், தீவு கைக்கு வந்தாலும் அந்தத் தண்ணி அவங்களோடதுதான். இழுவை மடிய சீக்கிரம் நிறுத்தறதுன்னு 2016ல ரெண்டு அரசும் டெல்லில ஒத்துக்கிட்டாங்க, மறு வருஷம் 2000 படகை ஆழ்கடலுக்கு மாத்தறோம்னு திட்டமும் வந்துச்சு, பாதி கூட மாறல. ராமேஸ்வரத்துக்காவது எதிர்லயே இலங்கை நிக்குது, நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்க வங்கக்கடல் தொறந்து கெடக்கு, சூரை புடிக்கப் போக வழி இருக்கு. அப்படியும் ஏன் மாற முடியலன்னு உங்க மாமாகிட்ட கேளுங்க, லோனா, டீசலா, பழக்கமா. அவர் சொல்றத அப்படியே எழுதி அனுப்புங்க, இங்க போடுறேன்.