ஆலையே இல்லாத ஊரில் அதிகாலைப் புகை ஏன்?

கேள்வி: மூன்று பக்கமும் குன்றுகள் சூழ, வயல்களுக்கு நடுவே தாழ்வாக அமைந்த சிற்றூரில் வசிக்கிறோம். ஆலை எதுவும் இல்லை. நெடுஞ்சாலையும் தொலைவில்தான் உள்ளது. ஆனாலும் குளிர்காலத்தில் விடியற்காலையில் புகை நெடி மூக்கைத் துளைக்கிறது. வீட்டிலுள்ள சிறிய காற்றுத்தர மானியும் அந்நேரத்தில் மிக உயர்ந்த அளவைக் காட்டுகிறது. ஆஸ்துமா உள்ள என் தந்தை தினமும் காலை ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சிக்குச் செல்கிறார். புகை எங்கிருந்து வருகிறது? அவர் எப்போது நடப்பது நல்லது?

பதில்: நீங்கள் விவரிக்கும் அமைப்பில் அந்தப் புகையின் பெரும்பகுதி உங்கள் ஊருக்குள்ளேயே தோன்றுவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விறகடுப்பு, குளிர்காய மூட்டும் தீ, தெருவோரத்தில் எரியும் குப்பை, அறுவடைக்குப் பின் கொளுத்தப்படும் பயிர்த்தாள் ஆகியவை தனித்தனியே பார்த்தால் சிறியவையே. ஆனால் ஒரு பிடி உப்பைக் குடத்து நீரில் கரைப்பதற்கும் குவளை நீரில் கரைப்பதற்கும் உள்ள வேறுபாடு காற்றுக்கும் பொருந்தும். எவ்வளவு புகை எழுகிறது என்பதைவிட, அது கலந்து பரவ எவ்வளவு உயரம் கிடைக்கிறது என்பதே பல நாட்களில் காற்றின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

பொதுவாக, மேலே செல்லச் செல்ல, ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் என்ற அளவில் காற்று குளிர்கிறது. அதனால் தரையருகே சூடான காற்று எளிதில் மேலெழுந்து புகையையும் உடன் கொண்டு செல்கிறது. மேகமற்ற, காற்றோட்டமற்ற நீண்ட குளிர்கால இரவிலோ, தரை தன் வெப்பத்தை விரைவாக இழந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர்வித்துவிடுவதால், கீழே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் என்று அடுக்கு தலைகீழாகிறது. இதையே வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கிறோம். கீழேயுள்ள கனத்த குளிர்காற்று மேலெழ முடியாததால், மேலுள்ள வெதுவெதுப்பான அடுக்கு ஒரு மூடியைப் போலப் புகையைத் தரையருகே அடைத்துவிடுகிறது. குன்றுச் சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்றும் நீரைப் போலவே வழிந்து தாழ்வான இடத்தில் தேங்குவதால், சமவெளி ஊர்களைவிட உங்கள் ஊரில் இது வலுவாக அமைகிறது. 1948 அக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த டொனோரா என்ற சிறுநகரில் இருபது பேர் இறந்ததற்கு, வழக்கமாக வெளியேறிவந்த ஆலைப் புகை இத்தகைய அடுக்கின் கீழ்ப் பல நாட்கள் சிக்கிக்கொண்டதே காரணம். உங்கள் ஊரின் அடுப்புப் புகையை அந்த ஆலைப் புகையோடு ஒப்பிட முடியாது. புகை சிக்கிக்கொள்ளும் விதம் மட்டும் ஒன்றே.

ஆகவே உங்கள் தந்தை தேர்ந்தெடுத்திருக்கும் நேரம், குளிர்காலத்தைப் பொறுத்தவரை, ஏறக்குறைய மிக மோசமான நேரமாகும். சூரியன் தரையைச் சூடாக்கி அந்த அடுக்கைக் கலைக்க விடிந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். குன்று கிழக்கே இருந்தால் வெயில் ஊருக்குள் விழவே தாமதமாகும். முற்பகலின் பிற்பகுதியிலிருந்து மாலை மங்கத் தொடங்கும்வரை நடப்பது நல்லது. பொழுது சாய்ந்ததும் அடுப்புகள் மூட்டப்படும் அதே வேளையில் மூடியும் மீண்டும் விழுகிறது. கருவி எதுவும் இல்லாமலேயே இதை அறியலாம்: எழும் புகை ஓரளவு உயர்ந்து, பிறகு பலகை விரித்தாற்போல் கிடையாகப் பரவினால், அடுக்கு இன்னும் கலையவில்லை என்று பொருள். காலையில்தான் நடக்க முடியும் என்றால், அந்தப் புகைப் படலத்துக்கு மேலே உள்ள சரிவுப் பாதை ஊர்த் தெருவைவிட மேலானது. குளிர்ந்த காற்றே சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியது என்பதும் நேரத்தைத் தள்ளிவைக்க இன்னொரு காரணம்.

கோடையில் இந்த அறிவுரை ஏறக்குறைய தலைகீழாகிவிடும். அப்போது காற்று ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகக் கலப்பதால் புகை நீர்த்துவிடுகிறது. ஆனால் வறண்ட மண்ணிலிருந்து புழுதி எழுகிறது, கடும் வெயிலில் மூச்சுக்குழாயை உறுத்தும் ஓசோன் வாயுவும் உருவாகிறது. நகரங்களில் தோன்றும் வாயுக்கள் காற்றோடு வந்து வழியிலேயே ஓசோனாக மாறுவதாலும், அதை அழிக்கும் வாகனப் புகை கிராமப்புறத்தில் குறைவு என்பதாலும், ஆலையற்ற ஊரும் இதற்கு விலக்கல்ல. ஓசோன் பிற்பகலில் உச்சம் தொடுவதால் கோடையில் காலை நடையே சிறந்தது. மழைக்காலத்தைப் பற்றிக் கவலைப்பட அதிகமில்லை; மழை பருமனான தூசியை நன்றாகக் கழுவிவிடுகிறது, நுண்துகளை அவ்வளவாக அல்ல, ஆயினும் ஈரத்தில் எரிப்பதும் குறைகிறது.

உங்கள் மானியைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய கருவிகள் துகள்களில் சிதறும் ஒளியைக் கொண்டு கணக்கிடுவதால், ஈரப்பதம் மிகுந்த பனிமூட்டக் காலைகளில் நீரேறிப் பருத்த துகள்களைக் கண்டு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகளுக்கு நிர்ணயித்த, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கு உரியது. விடியற்காலையின் ஒரு நிமிட அளவை அதோடு ஒப்பிட்டு அஞ்ச வேண்டாம். மானியைச் சமையலறையிலிருந்து தள்ளி, மழை படாத வெளிப்புறத்தில் வைத்து, இரண்டு வாரங்களுக்கு ஒரே நேரங்களில் குறித்துவந்தால், உங்கள் ஊரில் மூடி எப்போது திறக்கிறது என்பது தெரிந்துவிடும். சன்னல்களைத் திறப்பதையும் அந்த நேரத்துக்கே மாற்றிக்கொள்ளுங்கள். என்95 முகக்கவசம் புகைத் துகளைத் தடுக்கும், ஓசோனைத் தடுக்காது. அதை அணிந்து நடப்பது ஏற்கத்தக்கதா என்பதையும், நடைக்கு முன் இன்ஹேலர் தேவையா என்பதையும் தந்தையின் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.