தொலைக்காட்சி ஆய்வு: முதலில் எதைப் படிப்பது?

முதுகலையில் தொலைக்காட்சி விமர்சனத்தை ஆய்வாக எடுக்க ஆசை, ஆனால் கோட்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் குறை இல்லை, தொடங்கிய இடம்தான் சரியில்லை. தடிமனான தொகுப்பு நூலை மூடி வையுங்கள்.

முதலில், பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974-ல் எழுதிய ‘டெலிவிஷன்: டெக்னாலஜி அண்ட் கல்ச்சுரல் ஃபார்ம்’ நூலை எடுங்கள், சின்னப் புத்தகம்தான். பிரிட்டனிலிருந்து அமெரிக்கா போனவர், மயாமியில் ஓர் இரவு டிவியில் படம் பார்க்கிறார். நடுநடுவே விளம்பரங்கள், போதாததற்கு வேறு நாளில் வரப்போகும் இரண்டு படங்களின் முன்னோட்டம். எந்தக் காட்சி எந்தப் படத்தில் வருகிறது என்றே அவருக்குக் குழம்பிவிடுகிறது. நாம் பார்ப்பது தனித்தனி நிகழ்ச்சிகளை அல்ல, எல்லாம் கலந்த ஓர் ‘ஓட்டத்தை’ என்ற கருத்து அந்தக் குழப்பத்தில்தான் பிறந்தது.

இந்த ‘ஓட்டம்’ பற்றிய அத்தியாயத்தைப் படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏதாவது ஒரு சேனலை அரைமணி நேரம் பார்த்து, நிமிடத்துக்கு நிமிடம் என்ன வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள்: அழுகைக் காட்சி, சோப்பு விளம்பரம், புரோமோ, மறுபடி அதே அழுகை. இதை எழுதிய பிறகு படித்தால் வில்லியம்ஸ் சொல்வது சட்டென்று பிடிபடும்.

அப்புறம் ஊடக ஆய்வாளர் இயென் ஆங். ‘டல்லாஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், உங்களுக்கு ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள் என நெதர்லாந்தில் ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வந்தவை 42 கடிதங்கள். அவற்றை வைத்தே ‘வாட்சிங் டல்லாஸ்’ என்ற முழுப் புத்தகம் எழுதினார். ஆங்கிலத்தில் 1985-ல் வந்தது. பெரிய நிதியும் ஆயிரம் பேர் சர்வேயும் இல்லாமல் ஆய்வு செய்ய முடியுமா என்று கேட்கும் மாணவர்களிடம் நான் இதைத்தான் நீட்டுகிறேன். தனக்குப் பிடித்த தொடரையே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார் என்பதையும் கவனியுங்கள்.

பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலின் ‘என்கோடிங், டிகோடிங்’ (செய்தியில் பொருளை ஏற்றுவதும் அதிலிருந்து பொருளை எடுப்பதும்) கட்டுரை மூன்றாவதாக இருக்கட்டும். ஒரே செய்தியை ஒருவர் அப்படியே ஏற்கலாம், ஒருவர் பாதி ஏற்றுப் பாதி மறுக்கலாம், இன்னொருவர் முழுக்க எதிர்த்தே வாசிக்கலாம் என்பது அதன் சாரம். நடை கொஞ்சம் கடினம். ஆங்கின் கடிதங்களுக்குப் பிறகு படித்தால் பாதி பாரம் குறையும்.

சேர்க்கை நேர்காணலில் பத்துப் பெயர்களை அடுக்குவதைவிட, முழுசாகப் படித்த ஒன்றை உங்கள் சொந்த உதாரணத்தோடு விளக்குவதே எடுபடும். அந்த அரைமணி நேரக் குறிப்பை அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். ஆய்வுக் கேள்வியை அதிலிருந்தே தேடுவோம்.