லெட்டர்பேடு கட்சியா அது?

கேள்வி: ஆப்பிரிக்க நாடான கேமரூனில் 2020 நாடாளுமன்றத் தேர்தலில் 180 இடங்களில் வெறும் 5 இடம் பிடித்த சமூக ஜனநாயக முன்னணிக்குப் போன இதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். இந்த மாதிரி லெட்டர்பேடு கட்சிகளைக் கலைத்துவிட்டுப் போனால்தான் என்ன?

பதில்: அந்தக் கட்சி தொடங்கிய நாளைச் சொல்கிறேன், அப்புறம் லெட்டர்பேடு என்று சொல்ல உங்களுக்கு மனசு வருகிறதா பாருங்கள். 1990 மே 26, பமெண்டா நகரம். அதிபர் பால் பியாவின் கட்சியைத் தவிர நாட்டில் வேறு கட்சி கிடையாது. ஊரில் புத்தகக் கடை வைத்திருந்த ஜான் ஃப்ரூ இன்டி தடையை மீறிக் கூட்டம் போடுகிறார், ராணுவத்தை இறக்கியும் ஆயிரக்கணக்கில் ஜனம் வந்துவிடுகிறது, கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது துப்பாக்கிச் சூடு. 6 பேர் செத்தார்கள். நெரிசலில் மிதிபட்டுச் செத்ததாக அரசு சொன்னது.

இரண்டே வருஷத்தில் அதிபர் தேர்தல். பியாவுக்கு 39.98 சதவீதம், ஃப்ரூ இன்டிக்கு 35.97. இதுவே அரசு கொடுத்த கணக்குதான். அங்கே இரண்டாம் சுற்று கிடையாது, முதலில் வந்தவர் பாதி ஓட்டு வாங்காவிட்டாலும் அதிபர். ஜெயித்தது நான்தான் என்றார் ஃப்ரூ இன்டி, அவரை வீட்டுக்காவலில் வைத்து, பமெண்டா இருக்கும் மாகாணத்துக்கே நெருக்கடி நிலை போட்டார்கள். 1982-ல் பதவிக்கு வந்த பியா, 2025-ல் 92 வயதில் எட்டாவது முறையாக அதிபரானார்.

இந்தக் கட்சி மேலேயும் தப்பு உண்டு, மறைக்க மாட்டேன். 1992 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலில் பியாவின் கட்சிக்கு 88 இடம்தான், பெரும்பான்மையே இல்லை. செல்வாக்கின் உச்சத்தில் இருந்த முன்னணி அந்தத் தேர்தலைப் புறக்கணித்து உட்கார்ந்திருந்தது. என்னால் இன்றைக்கும் அதை மன்னிக்க முடியவில்லை. அப்புறம் 1997-ல் 43 இடம், 2002-ல் 22, 2007-ல் 16 என்று தேய்ந்தது. ஃப்ரூ இன்டியும் 2023-ல் சாகும்வரை தலைவர் பதவியை விடவில்லை.

ஆனால் 2013-ல் வாங்கிய 18 இடம் 2020-ல் 5 ஆனதற்குக் காரணமே வேறு. அதன் கோட்டை ஆங்கிலம் பேசும் மாகாணங்கள். 2017-லிருந்து அங்கே பிரிவினைப் போர். லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடிவிட்டார்கள், மிச்சம் இருந்தவர்களை ஓட்டுப் போடக் கூடாது என்று ஆயுதக்குழுக்கள் மிரட்டின. தனிநாட்டுக்கு ஒத்துவராத ஃப்ரூ இன்டியையே 2019-ல் இரண்டு தடவை கடத்திக்கொண்டு போனார்கள். ஆள் இல்லாத ஊரில் கட்சி எப்படி ஜெயிக்கும்?

2016 டிசம்பரில், அந்த மாகாணங்களில் மாணவர்களையும் வக்கீல்களையும் அடித்து நொறுக்கியபோது, நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று ஆளுங்கட்சியின் முகத்துக்கு நேரே கேட்டவர் ஜோசப் விர்பா, இந்தக் கட்சியின் எம்.பி. பேசிய பிறகு அவர் தலைமறைவாக வேண்டியிருந்தது. கலைத்துவிடலாம் என்கிறீர்கள். சரி, அடுத்த தடவை அங்கே யார் எழுந்து நிற்பது, சொல்லுங்கள்?