கத்தோலிக்கரும் மெதடிஸ்டும் நம்புவது ஒன்றா?

நீங்கள் சிங்கப்பூர் ஆஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்; நீங்கள் கட்டப்போகும் மாப்பிள்ளை ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை, அதாவது ஒரு புராட்டஸ்டண்ட் சபை. இரண்டும் ஒரே விசுவாசமா என்று கேட்கிறீர்கள்.

அடித்தளம் ஒன்றுதான். மூவொரு கடவுள், சிலுவை, உயிர்ப்பு; 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் உருவாகி, 381இல் விரிவாக்கப்பட்ட விசுவாச அறிக்கை இருவருக்கும் பொது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் நீங்கள் ‘கத்தோலிக்க திருச்சபை’ என்பீர்கள், அவர் ‘பொதுவான சபை’ என்பார். மூலச்சொல் ஒன்றே! (தமிழில் கேட்டால்தான் சண்டை மாதிரி இருக்கும்.) தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் அவர் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, மறுபடி கொடுக்காது. மீட்பு கிருபையால் என்று 1999இல் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் (மார்ட்டின் லூதர் வழிச் சபையார்) வெளியிட்ட கூட்டறிக்கையில் 2006இல் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள்.

நற்கருணைதான், அதாவது கிறிஸ்துவின் உடலாகப் பெறும் அப்பம்தான், இன்னும் இடிக்கிறது. உங்கள் திருப்பலியில் வழக்கமாக அவர் அதை வாங்க முடியாது. கல்யாணத்துக்குத் திருச்சபை அனுமதியும் வேண்டும். பங்குத்தந்தையிடம் இப்போதே பேசிவிடுங்கள்.