எராட்டிக்கலியா, அன்எக்ஸ்பெக்டட்லியா?

'விருந்தினர் எராட்டிக்கலி வந்தார்' என்று எழுதியது சரியா என்று கேட்டிருந்தீர்கள். எராட்டிக்கலி (erratically) என்ற ஆங்கிலச் சொல் அந்த இடத்தில் பொருந்தாது. ஒரே ஒரு முறை எதிர்பாராமல் நடந்ததற்கு அன்எக்ஸ்பெக்டட்லி போதும்.

எராட்டிக்கலி என்றால் ஒரு சீர் இல்லாமல், அடுத்து என்ன ஆகும் என்று கணிக்க முடியாதபடி மாறி மாறி நடப்பது. லத்தீனில் 'எராரே' என்றால் அலைந்து திரிதல். எரர் என்ற சொல்லுக்கும் அதுதான் வேர். அந்த 'அலைதலை' மனதில் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது. கார் இடமும் வலமுமாக அலைபாய்ந்து ஓடுகிறதா, இதயம் திடீரென வேகமாகவும் திடீரென மெதுவாகவும் துடிக்கிறதா, தாராளமாகப் போடலாம்.

அப்புறம், ஒருவரின் நடத்தையைச் சொல்லும்போது இதில் குறைகூறும் தொனி வந்துவிடும். மேலதிகாரியைப் பற்றி எழுதும்போது தவிர்த்துவிடுங்கள்.