அடகுக்குப் போகவிருக்கும் பட்டாவும் வரலாறு கேட்கும் மகளும்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்திலிருந்து நீங்களும் உங்கள் மைத்துனரும் மகளை அழைத்து வந்து என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினீர்கள். அதில் அவள் வாய் திறந்தது இரண்டே முறை. வரலாறு படிக்க வேண்டும் என்றாள். பிறகு, 1791 நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கித் தோற்றுப்போன ஆங்கிலேயரின் கைக்கு அடுத்த ஆண்டே அதே கோட்டை எப்படிப் போயிற்று என்று கேட்டாள். "சண்டைக் கதை படித்தால் சோறு கிடைக்குமா?" என்று மைத்துனர் குறுக்கிட்டபோது நான் சமாதானமாக ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது தவறு என்று பட்டதால்தான் இந்தக் கடிதம்.

கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையை, நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியலில் சேர்ப்பதற்காக மாந்தோப்பை அடகு வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். விடுதியோடு ஆறு லட்சம் ஆகும் என்பது நீங்களே சொன்ன கணக்கு. அரியர் விழுந்து ஓராண்டு கூடினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கணக்கில் நீங்கள் சேர்க்கவில்லை. பெங்களூரா மாங்காய்க்கு விலை விழும் ஆண்டில் வட்டியை மைத்துனரா கட்டப்போகிறார்?

அன்று நீங்கள் நெகிழி உறையில் கொண்டுவந்த பட்டா நகலை மேசைமேல் வைத்தீர்கள். மகளின் கேள்விக்கு விடையில் பாதி அந்தத் தாளில்தான் இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க நேர்ந்தபோது, பாராமகால் என்று அன்று வழங்கிய நம் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமும் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போயிற்று. போரில் பிடிபடாத கோட்டை காகிதத்தில் கைமாறியது. அதன் பிறகு கும்பினியின் அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராகத் தருமபுரியில் தங்கிய தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, இடைத்தரகர் இன்றிக் குடியானவரிடமே வரி பேசிய ஏற்பாடுதான் பின்னர் ரயத்துவாரி என்று சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. உங்கள் பட்டாவின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு போர் ஊரையும் நிலத்தையும் மனிதரையும் எப்படி மாற்றிப்போட்டது என்று கேட்கும் பெண் வெறும் சண்டைக் கதையைக் கேட்கவில்லை.

ஆசிரியர் பணி, போட்டித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒரு வழி ஆவணக் காப்பாளர் பணி. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்துக் கடிதங்களும் வரிக் கணக்குகளும் ஆயிரக்கணக்கான தொகுதிகளாக இருக்கின்றன. ரீட் காலத்துப் பாராமகால் ஆவணங்களை குடிமக்கள், விளைபொருள், நில உடைமை, நிலவரி என்று பிரிவு பிரிவாக அரசே அச்சிட்டும் இருக்கிறது. இருநூறு ஆண்டுக்கு முந்தைய கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பது, தாளை அரித்துத் தின்னும் பழைய மையின் வேகத்தைத் தணிப்பது, கிழிந்த ஏட்டை மெல்லிய தாள் ஒட்டிச் சீராக்குவது, எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதுவது, பிறகு மின்படியாக்குவது ஆகிய எல்லாமே ஆவணக் காப்பாளரின் வேலை. பொறுமையும் கூர்ந்த கண்ணும் இல்லாதவருக்கு இது ஒத்துவராது. இளங்கலை, முதுகலை வரலாற்றுக்குப் பின் புது தில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் தகுதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அரசுக் காப்பகங்கள் மட்டுமல்ல, ரிசர்வ் வங்கி புனேயில் தனிக் காப்பகம் வைத்திருக்கிறது, டாட்டா, கோத்ரெஜ் நிறுவனங்களும் வைத்திருக்கின்றன; பெங்களூரில் அறிவியல் ஆய்வு நிறுவனம் ஒன்றும் காப்பகம் நடத்துகிறது. உங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறீர்கள், மகளுக்குக் கன்னடமும் காதில் விழுந்து பழகியிருக்கிறது; மைசூர் நாட்டின் பழைய தாள்களை அணுகப்போகிறவளுக்கு இது எந்தக் கல்லூரியிலும் விலைக்கு வாங்க முடியாத முதல்.

பணியிடங்கள் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. அறிவிப்புக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரலாம், முதலில் கிடைப்பது ஒப்பந்த வேலையாக இருக்கலாம், ஆங்கிலத்தை அவள் இப்போதிருந்தே உழைத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் அரசுக் கலைக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிப்பு முடியும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் பட்டம் முடியும்வரை புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அவள் கணக்கிலேயே வரும். இடையில் மனம் மாறி வேறு திசைக்குப் போனாலும் தோப்பு உங்களிடம் இருக்கும்.

ஆகவே வரலாற்றுப் பிரிவுக்கு விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். மைத்துனர் அந்தப் பொறியியல் கல்லூரியில் கட்டிவைத்த முன்பணத்தை எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நட்டம் பத்தாயிரத்தோடு நிற்கும். அடுத்த முறை பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு மகளை மட்டும் அனுப்புங்கள், அவளிடம் நான் கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன.